பட்டறையில் என் முகம்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று கடையில் எல்லோருக்கும் தொப்பி கொடுத்தார்கள். மஞ்சள் துணித் தொப்பி. நெற்றியில் எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பெயர், அதன் கீழே போன் நம்பர். கடை ஆரம்பித்துப் பத்து வருடம் ஆகிறதாம். அதற்காக ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் குடும்பத்தோடு சிலை ஊருக்கு அழைத்துப் போகிறார் முதலாளியம்மா. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். ஊர் முழுக்கச் சிற்பப் பட்டறைதானாம்.

நான் வரவில்லை என்றேன். "ஏன், அங்க இருக்கற சிலையெல்லாம் உன்னைக் கடிச்சிடுமா?" என்றாள் கல்லாவில் உட்காருகிறவள். எல்லோரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுகிறோம், அவளும் கோபித்துக்கொள்வதில்லை.

இவர்களிடம் என்ன சொல்ல? இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் வெளியூர் போனதே இல்லை. கூட்டத்துக்குள் போகமாட்டேன். யாராவது போட்டோ எடுத்தால் குனிந்து செருப்பைச் சரிசெய்வேன். லென்ஸ் தேய்க்கிற அறைக்கு ஜன்னல் கிடையாது. அதற்காகவே அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒருவர் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். ஒரே ஒருவர். அதற்காக ஊர் மொத்தத்துக்கும் ஒளிய வேண்டியிருக்கிறது.

சிட்டுவுக்குத் தொப்பி பிடித்துவிட்டது. "எங்க கிளாஸ்ல எல்லாரும் எங்கயாவது போறாங்க. நம்ம மட்டும் ஏம்மா எங்கயும் போறதில்ல?" நான் பாத்திரம் கழுவினேன்.

பிப்ரவரி 7, சனி

போகிறோம் என்று சொல்லிவிட்டேன். சிட்டு தொப்பியைக் கழற்றாமலே சாப்பிட உட்கார்ந்தாள். ஒரு நாள்தானே. யார் பார்க்கப் போகிறார்கள்?

பிப்ரவரி 8, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும். எழுதாவிட்டால் நடந்ததை நானே நம்பமாட்டேன்.

காலையில் நன்றாகத்தான் இருந்தது. சிலை ஊர் சின்ன ஊர். பஸ் நிற்கிற இடத்திலிருந்தே இரண்டு பக்கமும் தகரக் கொட்டகைகள், மர இலையெல்லாம் வெள்ளைத் தூசி, காது முழுக்க உளிச் சத்தம். ஒரு கொட்டகையில் சிங்கங்கள். அடுத்ததில் இறக்கை வைத்த பெண்கள். அதற்கடுத்து, கழுத்துக்கு மேலே ஒன்றுமே இல்லாத தலைவர்கள் வரிசையாகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். "யார் ஜெயிக்கறாங்கன்னு பாத்துட்டுத் தலை வைப்பாங்க" என்றாள் வாயாடி. நானும் சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாள் ஆகிறது என்று எனக்கே தோன்றியது.

சாப்பாட்டுக்குப் பிறகு சிட்டு முன்னால் ஓடினாள். கடைசிக் கொட்டகைக்குள் போனவள் உள்ளேயிருந்து கத்தினாள். "அம்மா! இங்க வா! நீ இருக்கே!"

ஏதோ கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

நான்தான் இருந்தேன்.

மார்புக்குக் கீழே இன்னும் வெறும் கல். மேலே தலை முடிந்துவிட்டது. என் நெற்றி. என் உதடு. என் இடது காதின் மேல்முனை பிறவியிலேயே கொஞ்சம் மடிந்திருக்கும், கல்லிலும் மடிந்திருந்தது. கல்யாணமான புதிதில் இருந்த நான். பக்கத்துப் பலகையில் ஒரு போட்டோ ஒட்டியிருந்தது. என் கணவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த படம். பாதியாக வெட்டி, என் பாதியை மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

சிற்பி முகத்தில் கட்டியிருந்த துணியை இறக்கினார். என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கையிலிருந்த உளியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நீங்க... அவங்க தங்கச்சியா?"

"ஆமா." எப்படி வாயில் வந்ததோ தெரியவில்லை.

"ஒரு நிமிஷம் வெலவெலத்துப் போயிட்டேன்மா. அச்சு அசல் அப்படியே இருக்கீங்க. பாவம், அக்கா தண்ணியில போயிட்டாங்களாமே. கூடவே குழந்தையும்."

குழந்தையும்.

"அதுக்கும் ஆர்டர் இருக்கு. இன்னும் கை வைக்கல" என்று பக்கத்தில் கிடந்த சின்னக் கல்லைக் காட்டினார். கல்லின் மேல் கரியால் ஒரு முகம் வரைந்திருந்தது. நெற்றியில் விழுகிற முடி, இரண்டு பின்னல். சிட்டு அதன் எதிரே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிற்பி அவள் கன்னத்தைத் தட்டினார். "பெரியம்மா ஜாடை அப்படியே இருக்கு பாரு இந்தப் பொண்ணுக்கு."

யார் ஆர்டர் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அந்தப் போட்டோ யார் வீட்டில் இருந்ததென்று எனக்குத் தெரியாதா? "வீட்டுலேருந்து வந்து குடுத்தாங்கம்மா. இந்த மாசக் கடைசியில எடுத்துட்டுப் போக வர்றாங்க" என்று அவராகவே சொன்னார். அதற்குள் பக்கத்துக் கொட்டகையில் யாரோ கல்லில் ஓங்கி அடித்தார்கள். என் பிடரியில் விழுந்த மாதிரி இருந்தது. சிட்டுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் சாவி கொடுத்த பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன்.

பிப்ரவரி 9, திங்கள்

எதற்காக? தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்று விட்டுவிட்டாரா? அப்படி விடுகிற ஆளா அவர்? காணாமல் போன சாவியைத் தேடி வீட்டையே கவிழ்த்துப் போட்ட மனுஷன். சாவி கிடைத்த பிறகும் என்னைத்தான் அடித்தார்.

ஒருவேளை நான் உயிரோடு இருப்பது தெரிந்தே செய்கிறாரா? செத்துப் போனவளை யாரும் தேட மாட்டார்கள். செத்துப் போனவளுக்கு ஏதாவது ஆனாலும் யாரும் வந்து கேட்க மாட்டார்கள். முதலில் சிலை, பிறகு

வேண்டாம். எழுதக் கூடாது.

மத்தியானம் ஒரு லென்ஸை உடைத்துவிட்டேன். பத்து வருடத்தில் முதல் தடவை என்று எல்லோரும் கேலி செய்தார்கள், நான் வந்தே ஐந்து வருடம்தான் ஆகிறது.

சாயங்காலம் சிட்டு தொப்பியை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோதுதான் உறைத்தது.

தொப்பி. எங்கள் இரண்டு பேர் தலையிலும் தொப்பி இருந்தது. கடைப் பெயர். போன் நம்பர். அந்த ஆள் எதிரே நின்று நிதானமாகப் படித்திருப்பார்.

பிப்ரவரி 11, புதன்

வாயாடி லென்ஸ் அறைக்குள் தலையை நீட்டினாள். "உனக்கு ஒரு போன் வந்துச்சு. அதாவது, உனக்குன்னு இல்ல. ஞாயித்துக்கிழமை டூர் போனவங்கள்ல ஒரு அம்மாவும் பொண்ணும் இருந்தாங்களே, அவங்க உங்க கடையில வேலை பாக்கறவங்களான்னு கேட்டாங்க. ஆமான்னேன்."

"ஆமான்னு சொன்னியா?"

"ஏன், இல்லன்னு சொல்லணுமா? காணாமப் போன பொருள் ஏதாவது குடுப்பாங்கன்னு நினைச்சேன்."

பொம்பளைக் குரலாம். பெயர் சொல்லவில்லையாம். அவர் ஆள் வைத்துக் கேட்பார். முன்பு என் அண்ணன் வீட்டுக்கும் அப்படித்தான் யார் யாரையோ பேச வைத்தார், அண்ணன் பயந்துபோய் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டான்.

எந்திரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 12, வியாழன்

பை தயார். இரண்டு மாற்று உடை, சிட்டுவின் சான்றிதழ்கள், மருந்து. எந்த ஊருக்கு? தெரியாது. பஸ் ஸ்டாண்டுக்குப் போய், முதலில் கிளம்புகிற பஸ்ஸில் ஏறுவோம். போன தடவையும் அப்படித்தான் செய்தேன்.

சிட்டு பையைப் பார்த்தாள். "நாம செத்துட்டோமாம்மா?"

"யாருடி சொன்னது?"

"அந்தச் சிலைக்காரர்தான். பெரியம்மாவும் பொண்ணும் தண்ணியில போயிட்டாங்கன்னாரு. எனக்குத்தான் பெரியம்மாவே கிடையாதே."

அவள் பையிலிருந்த தன் உடைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள். "சனிக்கிழமை எனக்குக் கணக்குப் பரீட்சை இருக்கு" என்றாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் கிளம்பியிருப்பேன்.

பிப்ரவரி 14, சனி

பரீட்சை முடியட்டும், மத்தியானம் கிளம்பலாம் என்று இருந்தேன். அதற்குள் வந்துவிட்டாள்.

லென்ஸ் அறையில் இருந்தேன். வெளியே பேச்சுக் குரல். எந்திரச் சத்தத்துக்கு நடுவிலும் அந்தக் குரல் என் முதுகில் ஊர்ந்தது. நாத்தனார். அவருடைய அக்கா. அந்த வீட்டில் சர்க்கரையைக் கரண்டியால் அளந்து கொடுத்தவள், என் செருப்பை எடுத்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டியவள். பின்பக்கம் ஒரு வழி இருந்தால் ஓடியிருப்பேன். அறைக்கு ஜன்னல்கூடக் கிடையாதே! புத்திசாலித்தனமாக நானே தேடிப் பிடித்த அறை.

"உன்னைப் பாக்க ஒரு அம்மா வந்திருக்காங்க" என்று வாயாடி கதவைத் திறந்து நேரே உள்ளே அனுப்பிவிட்டாள்.

நான் கையில் கிடைத்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டேன். நாத்தனார் அதைப் பார்த்தாள். கிழடு தட்டிப் போயிருந்தாள். கன்னம் ஒட்டி, முன்வரிசையில் ஒரு பல் இல்லாமல்.

"கீழ வை. நான் தனியாத்தான் வந்தேன். அவனுக்குத் தெரியாது."

"எப்படி அண்ணி நம்பறது?"

"நம்பாதே. கேட்டுக்கோ, அது போதும்." அவள் கதவைச் சாத்தினாள். "சிலைக்காரர் போன் பண்ணினப்ப நான் எடுத்தேன். தங்கச்சி வந்து பாத்துட்டுப் போனாங்கன்னு சந்தோஷமா சொல்றாரு. உனக்கு ஏது தங்கச்சி? தொப்பியில இருந்த பேரையும் அவரே சொன்னாரு. போனை அவன் எடுத்திருந்தா இந்நேரம் என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

"நாங்க தண்ணியில போயிட்டோம்னு அவர்கிட்ட யாரு சொன்னது?"

"நான்தான். நீ போன அடுத்த மழைக்காலம் வரைக்கும் ஊர் ஊராத் தேடினான். கிடைச்சா கொன்னுடுவேன்னு தெனமும் சொல்லிட்டுத்தான் சாப்பிட உக்காருவான். ஆத்துல வெள்ளம் வந்துச்சு. உன் துப்பட்டா ஒண்ணு, பொண்ணு செருப்பு ஒண்ணு எடுத்துட்டுப் போய்க் கரையில போட்டேன். அப்புறம் நானே கண்டுபிடிச்ச மாதிரி கத்தினேன்."

இந்தப் பெண்பிள்ளையா? எனக்காகவா? அந்த வீட்டில் ஒரு நாள்கூட என் முகம் பார்த்துப் பேசாதவள்.

"நீ ஓடின அன்னிக்குப் பின்கதவை யாரு பூட்டாம விட்டதுன்னு நினைச்சே? மறந்துட்டேன்னா? நான் எதையாவது மறந்து பாத்திருக்கியா?"

இல்லை. பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். அவனுக்கு (இனி அப்படித்தான் எழுதப் போகிறேன்) மறுபடி கல்யாணமாம். பெண் தையல் கடை வைத்திருக்கிறாள், இருபத்தாறு வயது. போன பெண்டாட்டிக்கும் குழந்தைக்கும் சிலை வைக்கிற மனுஷன் எவ்வளவு தங்கமானவனாக இருப்பான் என்று பெண்ணின் அப்பா ஊரெல்லாம் சொல்கிறாராம். நாத்தனார் அவர்கள் வீட்டுக்கே போய், வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். தம்பி கல்யாணம் பிடிக்காத பொறாமைக்கார அக்கா என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார்களாம்.

"வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு சிலையைப் பாக்க எல்லாருமா வர்றாங்க. அந்தப் பொண்ணும் வருது. நீ அந்த ஊர்ப் பக்கமே வராதே. இதைச் சொல்லத்தான் வந்தேன்."

"என்னை வேற எதுவும் கேக்கலையா அண்ணி?"

"உன்னை என்ன கேக்கறது? நீ பட்டது போதும்." வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள். "பொண்ணு நல்லாப் படிக்கறாளா?"

"படிக்கறா."

போய்விட்டாள். பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். யாரும் என்னைத் தேட மாட்டார்கள். சிலை வைத்துவிட்டால் இன்னும் உறுதி. இனி கூட்டத்தில் நடக்கலாம், போட்டோவுக்கு நிற்கலாம். சிட்டுவைக் கடலுக்கு அழைத்துப் போகலாம். இதைத்தானே வேண்டிக்கொண்டிருந்தேன்?

அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை. தையல் மெஷின் முன் குனிந்திருக்கிற ஒரு முதுகுதான் கண்ணுக்கு வருகிறது. சாவி காணாமல் போனால் அந்த முதுகுக்கு என்ன ஆகும்?

எனக்குப் பயமாக இருக்கிறது. தைரியசாலி மாதிரி யோசிக்கிறேன், கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டேன்.

பிப்ரவரி 16, திங்கள்

முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அவர் வாயில் அது வரும் என்று எனக்குத் தெரியாது.

"கார் நான் ஓட்டறேன்" என்றார். "ஆனா முதல்ல போலீஸ். அப்புறம்தான் மத்ததெல்லாம்."

பிப்ரவரி 18, புதன்

போலீஸ் ஸ்டேஷன். பெண் இன்ஸ்பெக்டர் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். "செத்துப் போயிட்டாங்கன்னு புகார் குடுக்க வருவாங்க. உயிரோட இருக்கேன்னு எழுதிக் குடுக்கற முதல் ஆள் நீங்கதாம்மா" என்றார். கையெழுத்துப் போடும்போது என் நிஜப் பெயர் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

சிலை ஊர் ஸ்டேஷனுக்குப் பேசி ஒரு காவலரை அனுப்பச் சொல்கிறாராம். "நீங்க போய்த்தான் ஆகணுமா? நாங்க அந்தப் பொண்ணு வீட்டுக்குச் சொல்றோமே."

நாத்தனார் சொல்லியே நம்பாதவர்கள். தாளைக் காட்டினால் நம்புவார்களா? என் முகத்தைத்தான் காட்ட வேண்டும்.

பிப்ரவரி 21, சனி

போக முடியாது என்னால். முதலாளியம்மாவிடம் காலையில் சொல்லிவிடுவேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

போனேன்.

சிட்டுவைக் கீழ்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன். வழியெல்லாம் முதலாளியம்மா பழைய சினிமாப் பாட்டுப் போட்டுக்கொண்டே வந்தார். நான் இரண்டு தடவை காரை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன். இரண்டாவது தடவை, "திரும்பிடலாமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாந்திதான் வந்தது. அவர் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அதே கொட்டகை. சிலைக்கு இப்போது கையும் இடுப்பும் வந்திருந்தன. ஒரு துணியால் மூடியிருந்தார்கள். சிற்பியிடம் சொன்னேன். "தங்கச்சி இல்ல. நான்தான் அது."

அவர் அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். "உயிரோட இருக்கறவங்களுக்கும் சிலை செஞ்சிருக்கேன்மா. ஆனா அது அரசியல்வாதிங்களுக்கு" என்றார். பிறகு தன்னையே நொந்துகொண்ட மாதிரித் தலையில் கை வைத்தார். "நான்தானே போன் பண்ணிக் காட்டிக் குடுத்துட்டேன்."

காவலர் இன்னும் வரவில்லை. வேன் வந்துவிட்டது.

முதலில் இறங்கியது அந்தப் பெண்ணின் அப்பா. பிறகு அந்தப் பெண். நீலத் துப்பட்டா, கழுத்தில் மறந்துபோய்த் தொங்குகிற அளவு டேப். அதற்குப் பின்னால் நாத்தனார். என்னைப் பார்த்த நொடியில் அவள் முகத்தில் ரத்தம் சுண்டிப்போனது. கடைசியில் அவன்.

கொஞ்சம் பெருத்திருந்தான். அவ்வளவுதான் மாற்றம். என்னைப் பார்த்தான். நான் பயந்தது எல்லாமே நடக்கும் என்று தயாராக நின்றேன். அடிப்பான், கத்துவான், ஓடி வருவான் என்று. அவன் அதில் எதையும் செய்யவில்லை. அழுதான்.

"உயிரோட இருக்கியா! கடவுளே, உயிரோட இருக்காளே!" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தான். எல்லோர் முன்னாலும் மண்டியிட்டான். கண்ணில் நிஜமான கண்ணீர். பெண்ணின் அப்பாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எதுவா இருந்தாலும் பேசிக்கலாம்மா, வா, வீட்டுக்குப் போலாம்" என்று எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். பார்க்கிறவர்களுக்குப் பாசமாகத்தான் தெரிந்திருக்கும். என் விரல்கள் வெளுத்துவிட்டன.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் இருந்தனவே, ஒன்றுகூட வரவில்லை. ஒரு சொல்கூட. ஐந்து வருடம் ஓடியதெல்லாம் வீண், இதோ திரும்ப அந்த வீட்டு வாசலுக்கே வந்துவிட்டேன் என்றுதான் தோன்றியது.

அவன் அணைத்துக்கொள்கிறவன் மாதிரிக் குனிந்து என் காதருகில் சொன்னான். சிரித்த முகத்தோடு, மிக மெதுவாக.

சிலையை மூடியிருந்த துணியை விலக்கிப் பார்க்க வந்த அந்தப் பெண் எங்களுக்குப் பின்னால் நின்றாள். நானும் கவனிக்கவில்லை, அவனும் கவனிக்கவில்லை.

"அப்பா" என்றாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி சத்தமாகச் சொன்னாள். "அப்பா, இவர் என்ன சொன்னார்னு கேட்டீங்களா? 'வாயைத் தொறந்தே, இந்தத் தடவை நிஜமாவே சிலை வைக்க வேண்டியிருக்கும்.' அப்படின்னு சொல்றாருப்பா. சிரிச்சுட்டே சொல்றாரு."

உளிச் சத்தம் நின்றது. முதலில் எங்கள் கொட்டகையில், பிறகு பக்கத்தில், பிறகு தெரு முழுக்க. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அவன் என் கையை இன்னும் விடவில்லை.

"கையை விடுங்க" என்றேன். இதுதான் அங்கே நான் பேசியது மொத்தமும்.

முதலாளியம்மாவும் சிற்பியும் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். அவன் விட்டான். விட்டவன் நாத்தனார் பக்கம் திரும்பினான். "நீதானே சொன்னே? தண்ணியில போயிட்டாங்கன்னு நீதானே சொன்னே?"

"ஆமா. நான்தான் சொன்னேன்" என்றாள். அந்தக் குரல் கொஞ்சம்கூட ஆடவில்லை. பிறகு யாரையும் கேட்காமல் நடந்துபோய் முதலாளியம்மாவின் காரில் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கையில் ஒரு பர்ஸ்கூட இல்லை.

பெண்ணும் அப்பாவும் அவன் வேனில் ஏறவில்லை. பஸ் எங்கே நிற்கும் என்று சிற்பியிடம் கேட்டுக்கொண்டு நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனவள் திரும்பி ஓடி வந்து என் கையைத் தூக்கிப் பார்த்தாள். மணிக்கட்டில் நாலு விரலும் பதிந்திருந்தன. பிறகு திரும்ப அப்பாவிடம் நடந்தாள்.

எல்லாம் முடிந்த பிறகு காவலர் வந்து டீ குடித்தார்.

பிப்ரவரி 23, திங்கள்

அண்ணி எங்கள் கட்டிலில் தூங்குகிறாள். நானும் சிட்டுவும் கீழே. கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

இன்று வந்தான். கடைக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், வெயிலில் நின்றான். ஒன்றும் செய்யவில்லை, நின்றான். வாயாடிதான் முதலில் பார்த்தாள். நான் லென்ஸ் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். எல்லாம் எழுதிக் கொடுத்தாயிற்று, வழக்குப் போட்டாயிற்று, நெருங்கக் கூடாது என்று உத்தரவும் வாங்கியாயிற்று. ஆனாலும் அவனைக் கண்டதும் ஜன்னல் இல்லாத அறைக்குத்தான் ஓடுகிறேனே. இது எப்போதுதான் நிற்கும்?

இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார் முதலாளியம்மா. ஜீப் வருவதற்குள் வாயாடி சாலையைக் கடந்து அவன் எதிரே போய் நின்றுவிட்டாள். என்ன பேசினாளோ, ஜீப் வரும் வரை மூச்சு விடாமல் பேசியிருக்கிறாள். அவன் நகரவே முடியவில்லை.

ஏற்றிக்கொண்டு போனார்கள். உத்தரவை மீறியதால் இந்த முறை சும்மா விடமாட்டோம் என்றார் இன்ஸ்பெக்டர்.

மார்ச் 13, வெள்ளி

உள்ளே வைத்திருக்கிறார்கள். அண்ணியிடம் சொன்னேன். தம்பியாயிற்றே, என்ன சொல்வாளோ என்று பார்த்தேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். "சின்ன வயசுல நல்லா நீச்சலடிப்பான்" என்றாள். பிறகு மிச்சக் காயையும் நறுக்கினாள்.

ஏப்ரல் 18, சனி

வீட்டில் சர்க்கரை டப்பா அண்ணியின் கைக்குப் போய்விட்டது. கரண்டியால் அளந்துதான் கொடுக்கிறாள். சிட்டுவுக்கு மட்டும் கணக்குக் கிடையாது. "அத்தை ஓரவஞ்சனை" என்று நான் சொன்னால், "ஆமா, இப்ப என்ன?" என்கிறாள்.

இன்னும் பின்னால் யாராவது வேகமாக நடந்து வந்தால் சுவரோரம் ஒதுங்குகிறேன். வாரத்தில் இரண்டு நாளாவது திடுக்கிட்டு எழுகிறேன். பொய் சொல்லக் கூடாது, அது அப்படியேதான் இருக்கிறது.

காலையில் சிற்பி போன் செய்தார். ஆர்டர் ரத்தாகிக் கல் அப்படியே நிற்கிறதாம். சின்னக் கல்லில் கரியைக் கழுவிவிட்டு டீ குடிக்க உட்காரப் போட்டிருக்கிறார்களாம். பெரியதை என்ன செய்வது என்றுதான் அவருக்குக் கவலை. ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து, வாசலில் வைக்க, புத்தகம் படிக்கிற பெண் ஒருத்தி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கையை மாற்றிப் புத்தகம் கொடுத்துவிடலாம், ஆனால் முகம்?

"முகத்தை மாத்திடறேன்மா. உங்களுக்குத் தெரியாமச் செய்யக் கூடாதுன்னுதான் கேக்கறேன். கொஞ்சம் மூக்கை இழைச்சு, கன்னத்தைக் குறைச்சா வேற ஆளாயிடும்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். சமையலறையிலிருந்து அண்ணி கத்தினாள். "அந்த மூக்கை முதல்ல இழைக்கச் சொல்லு! கல்யாணத்துலயே சொன்னேன், பொண்ணுக்கு மூக்கு கொஞ்சம் ஜாஸ்தின்னு!"

சிட்டு உருண்டு உருண்டு சிரித்தாள். போனில் சிற்பியும் சிரிக்கிறார். பள்ளிக்கூடத்து வாசல். தினமும் எத்தனை பெண்கள் உள்ளே போவார்கள், வருவார்கள், எத்தனை பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

கன்னம், காது, எதை வேண்டுமானாலும் உங்கள் இஷ்டம்போல் மாற்றிக்கொள்ளுங்கள், மூக்கு மட்டும் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.